ஹூட் வந்து சேர்ந்தது

காட்டுப்பாக்கம்
12-3-1989

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை ஜெயகுமாரிக்கு,

அருள்தாஸ் அண்ணன் எழுதுகிறேன். வெயில் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது. அதைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை. உன் மகள் சௌந்தரிக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, இனி சிரிக்கும்போது வாயைப் பொத்த மாட்டாள். உன் அண்ணி தெரசாவுக்கு முழங்கால் வலி, வேறொன்றுமில்லை. உனக்கு இருமல் நின்றதா? அங்கே பனி விட்டதா?

இப்போது உட்கார்ந்துகொண்டு படி. நம் வீட்டு வாசலில் ஒரு மஸ்டாங் நிற்கிறது.

சத்தியம். அறுபத்தாறாம் வருஷத்து ஃபோர்டு மஸ்டாங். எட்டு சிலிண்டர், இடது பக்கம் ஸ்டியரிங், மேலே திறந்த கார். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை வாங்கி வந்து படம் பார்த்துக்கொண்டே இருப்பேனே, "காருக்கே தாலி கட்டிக்க" என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அதே குதிரைதான். நீண்ட மூக்கு, குட்டை வால், பின்னால் பக்கத்துக்கு மூன்று விளக்கு. வடபழனியில் சினிமாவுக்குக் கார் வாடகை விடும் கஜபதியிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ரிப்பேர் பார்ப்பேன் அல்லவா? அவர் கொட்டகை மூலையில் தூசி மூடிக் கிடந்தது. வாயைத் திறந்து கேட்டே விட்டேன். "எட்த்துக்கினு போ அண்ணாத்தே, எடத்த அடச்சிகினு கீது" என்றார். டெம்போவில் கட்டி இழுத்து வந்தோம். போரூரில் இருந்து வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு தேவராஜ் முன்னால் இருக்கும் குதிரைச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமே, குதிர வண்டி வாங்கினுகீற, குதிர எங்க?" என்று கேட்டான். அன்று முதல் தெருவே குதிரை வண்டி என்கிறது. கேமாரோ, சார்ஜர் என்று இவர்களுக்கு எந்த அமெரிக்கக் காரைச் சொல்லி என்ன?

இன்ஜினை நான் எழுப்பிவிடுவேன். ஒன்றுதான் இங்கே நடக்காது. ஷூட்டிங்குக்கு இடைஞ்சல் என்று ஹூட்டைக் கழற்றி எங்கோ எறிந்துவிட்டார்கள். புதுப்பேட்டை பழைய கார் உதிரிக் கடையில் கேட்டால் சிரிக்கிறான். கார் பிறந்த ஊரிலேயே நீ இருக்கிறாய். ஒரு ஹூட் பார்த்து அனுப்பு.

அடுத்த வருஷம் மே மாதம் சௌந்தரிக்குப் புது நன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். நீ போனபோது அவளுக்கு மூன்று வயது. அதற்காவது நீ வர வேண்டும். மீனம்பாக்கத்தில் உன்னை இந்தக் காரில் ஏற்றி, நீயும் அவளும் இதிலேயே கோயிலில் இறங்க வேண்டும். அதற்குத்தான் இத்தனையும்.

அண்ணன்,
அருள்தாஸ்

*

டெட்ராய்ட் அருகே
9-4-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

குமாரி எழுதுவது. இருமல் போய்விட்டது. பனியும் போய்விட்டது, சேறு மட்டும் நிற்கிறது. அண்ணிக்கு முழங்காலில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். பாப்பா சிரித்த மாதிரி ஒரு போட்டோ வேண்டும்.

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள். நீ கேட்டால் பொறாமைப்படுவாய், இங்கே சனிக்கிழமை சாயங்காலம் பெரிய ரோட்டில் பழைய கார்கள் வரிசையாகப் போகும். சும்மா போகும், திரும்பி வரும், வேறு வேலை கிடையாது. உனக்காகப் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்ப்பேன். சத்தம் முதலில் கால் வழியாகத்தான் ஏறுகிறது, காதுக்கு அப்புறம்தான் வருகிறது.

ஆஸ்பத்திரி டியூட்டி இல்லாத நேரத்தில் ராய் என்ற பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன். கார் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, நெஞ்சில் நோய். மெட்ராஸில் என் அண்ணனிடம் மஸ்டாங் இருக்கிறது என்றதும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவரிடமும் ஒன்று இருக்கிறதாம், ஷெட்டில். ஹூட் பற்றிக் கேட்கிறேன்.

மே மாதத்தைப் பற்றி எழுதியிருந்தாய். லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

தங்கை,
குமாரி

*

காட்டுப்பாக்கம்
14-5-1989

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு,

போட்டோ இத்துடன் இருக்கிறது. சிரிப்பவள் உன் மகள், அவள் சாய்ந்திருக்கும் கார் என் மகள்.

எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அம்பத்தூரில் நான் வேலை செய்யும் கம்பெனி வாரம் மூன்று நாள்தான் ஓடுகிறது. மிச்ச நாள் காருக்கடியில் கிடக்கிறேன். தெரசா சோற்றைத் தட்டில் போட்டுக் காருக்கடியில் தள்ளுகிறாள். "காலு மட்டும் தெரியுது, புருசன் யாருன்னே மறந்துபூடும் போல" என்கிறாள்.

சௌந்தரி எப்போதும் முன்னால் வலது பக்கம்தான் உட்காருகிறாள். நம் ஊரில் டிரைவர் இருக்கிற இடம் அல்லவா? ஸ்டியரிங் இல்லை என்றால் கேட்பதில்லை. ஏர்போர்ட் போகிறேன் என்று வெறுங்கையைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

லீவு கேட்டாயா? ஹூட் ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் பிழைத்தோம்.

அண்ணன்

*

டெட்ராய்ட் அருகே
18-6-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

போட்டோ தலையணைக்கு அடியில் இருக்கிறது. பாப்பா என் மூக்கை வாங்கியிருக்கிறாள், பாவம். நான் தெம்பாக இருக்கிறேன். நீ காருக்கடியில் ஈரத்தில் கிடக்காதே, முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஹூட் கப்பலேறிவிட்டது!

கதையைக் கேள். நானும் முதலில் ரிக்ஷா ஹூட் மாதிரி மடக்குகிற துணி என்றுதான் நினைத்தேன். என் அண்ணனுக்கு ஹூட் வேண்டும் என்றதும் ராய் என்னைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லி ஷெட்டுக்கு நடந்தார். அங்கே அவருடைய சிவப்பு மஸ்டாங். முன்பக்கம் இன்ஜினை மூடியிருக்கும் இரும்புத் தகட்டைத் தட்டி, இதுதான் ஹூட் என்றார். நம் ஊரில் இதை வேறென்னவோ சொல்வோமே என்று வாய் வரை வந்தது. ஆயுசு முழுக்க இந்தக் கார்களைச் செய்தவர் சொல்கிறார், எனக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். உனக்குத் தெரியாததா?

விலை கேட்டேன், கோபித்துக்கொண்டார். "நான் இனி ஓட்டப் போவதில்லை. அங்கே ஒன்று ஓடட்டும்" என்று பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே போல்ட்டைத் தளர்த்தினார். கழற்றிய பிறகு இன்ஜின் திறந்து கிடந்தது. அதன் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார். மரப்பெட்டிக்குள் வைத்து, மூலைக்கு மூலை என் பழைய ஸ்வெட்டரைத் திணித்து அனுப்பியிருக்கிறேன். ஒரு கீறல் விழாது.

லீவு பற்றி இன்னும் தெரியவில்லை.

தங்கை,
குமாரி

*

காட்டுப்பாக்கம்
23-7-1989

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சுகம்தான். ஹூட் கப்பலேறிய செய்தியைப் படித்தோம், சந்தோஷம். ராய் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல். தன் காரிலிருந்தே கழற்றிக் கொடுத்த மனிதருக்கு நான் என்ன கைமாறு செய்வேன்? நீ இனிமேல் கனமான எதையும் தூக்காதே.

அண்ணன்

*

டெட்ராய்ட் அருகே
15-10-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சளி பிடித்து விட்டது, இப்போது தேவலை. அங்கே யாருக்கு என்ன? மஸ்டாங்கைப் பற்றி நாலே வரி எழுதுகிறவனா நீ? உடம்பு சரியில்லையா, கம்பெனியில் ஏதாவதா? மறைக்காதே.

பெட்டி வந்ததா? ராய் தினமும் கேட்கிறார். இப்போது படுக்கையை விட்டு எழுவதில்லை. ஹூட்டோடு ஒரு போட்டோ பிடித்து அனுப்பு, அவருக்குக் காட்ட வேண்டும். பாப்பா புது நன்மை உபதேச வகுப்புக்குப் போகிறாளா? மந்திரமெல்லாம் மனப்பாடமா?

தங்கை

*

காட்டுப்பாக்கம்
26-11-1989

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. மழை விடாமல் அடிக்கிறது, போஸ்ட் ஆபீஸ் வாசலில் முட்டளவு தண்ணீர். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, அதுவே பெரிசு.

ஹூட் வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. உன் ஸ்வெட்டரைத் தெரசா எடுத்து வைத்துக்கொண்டாள். ஹூட்டைப் போட்டாயிற்று, கச்சிதமாக இருக்கிறது. இத்தனை மழையிலும் முன் சீட்டில் ஒரு சொட்டு விழவில்லை என்று பெரியவரிடம் சொல். கேமரா கிடைக்கவில்லை, போட்டோ பிறகு.

சௌந்தரி மந்திரம் எல்லாம் தலைகீழாகச் சொல்கிறாள். மே ஆறாம் தேதி ஞாயிறு என்று சாமியார் சொல்லிவிட்டார். அம்மா வருவாளா என்று கேட்டார். வருவாள் என்றேன்.

அண்ணன்

*

டெட்ராய்ட் அருகே
14-1-1990

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். என்னைப் பற்றி மெதுவாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை ராய்க்கு இங்கிலீஷில் சொன்னேன். சீட்டில் மழை விழவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. "ஹூட்டுக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். உன் கார் மேலே திறந்தது என்று சொன்னேன். அப்புறம், "உன் அண்ணன் கேட்டது மேலே மடக்குகிற கூரை, அதை நாங்கள் டாப் என்போம். நான் அனுப்பியது உங்கள் ஊரில் பானட் என்கிற இன்ஜின் மூடி" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அண்ணா, என் கடிதத்தைப் படித்த அன்றைக்கே உனக்குத் தெரியும். கப்பல் வருகிற வரைக்கும் தெரியும். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று கச்சிதம் என்று எழுதிவிட்டாய்.

ராய் புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டார்.

நீ எனக்காக ஒன்றை மறைத்தாய். நான் உங்களுக்காக மறைத்ததை இன்று சொல்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்யவில்லை. இங்கே நர்ஸாக இருக்க ஒரு பரீட்சை தேற வேண்டும். மூன்று முறை எழுதினேன், தேறவில்லை. வேலை போனது, அதோடு விசாவும் போனது. நாலு வருஷமாக வீடுகளில் கிழவர்களைக் குளிப்பாட்டித்தான் சம்பாதிக்கிறேன். ராய் வீட்டில்தான் தங்கியிருந்தேன். இப்போது இன்னொரு வீட்டில். இந்த நாட்டை விட்டு ஒரு அடி வெளியே வைத்தால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். அதனால்தான் லீவு, லீவு என்று இழுத்தேன்.

வந்தால் வந்ததுதான், திரும்ப முடியாது. பாப்பாவின் அப்பாவும் இல்லை. நான் அனுப்பும் பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். உன் காரின் வலது சீட்டில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன் அண்ணா. ஸ்டியரிங் இல்லை, கையை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கிறேன். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நீ சொல். 'வந்துடு' என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. எது போனாலும் போகட்டும் என்று கிளம்பி வந்துவிடுகிறேன்.

குமாரி

*

காட்டுப்பாக்கம்
25-2-1990

அன்பு குமாரிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்குக் கையெழுத்து நன்றாக வராது, பொறுத்துக்கொள். முழங்கால் ஒத்தடத்தில் கேட்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. ராய் பெரியவருக்கு நம் கோயிலில் பூசை வைத்தோம்.

நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த நாளில் இருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. பேப்பரை எடுப்பார், 'அன்புத் தங்கைக்கு' என்று எழுதுவார், அப்புறம் கிழித்துப் போடுவார். "இன்னாங்க, வந்துடுன்னு எழுதிட வேண்டியதுதான?" என்று கேட்டேன். "எய்தினா வந்துடுவா தெரசா. அதான் பயம்" என்றார். கம்பெனியைப் பொங்கலோடு பூட்டிவிட்டார்கள். அதை உனக்குச் சொல்லக் கூடாது என்றார், நான் சொல்லிவிட்டேன்.

ஹூட் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பூந்தமல்லியில் ஜீப்புக்கு ஹூட் தைக்கும் துலுக்கானத்தைக் கூட்டி வந்து காட்டினார். மடக்குகிற சட்டம் இல்லாமல் துணி நிற்காது என்று அவர் போய்விட்டார். மழையில் காருக்குள் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. தண்ணீர் போக அவரே உளி வைத்துக் காரின் அடித்தகட்டில் ஓட்டை போட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அப்புறம் நீ அனுப்பிய சிவப்புத் தகட்டைத் தூக்கி, முன்கண்ணாடிச் சட்டத்திலும் பின்னால் ஒரு குழாயிலும் கயிற்றால் கட்டினார். வலது சீட்டுக்கு மேலே மட்டும் வந்தது. மழைக்கு முறத்தைத் தலையில் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. கார் முழுக்க நனைந்தது, அந்த ஒரு சீட்டு நனையவில்லை. அது உன் சீட்டாம்.

சௌந்தரியிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணி,
தெரசா

*

டெட்ராய்ட் அருகே
18-3-1990

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, இங்கே பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குத் தெரியாமல் குளியலறையில் போய் அழுதேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பாப்பாவுக்கு வெள்ளைக் கவுனும் கையுறையும் அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல் போட்டோவைப் பார்த்து வாங்கினேன். பெரிதாக இருந்தால் மடித்துத் தையுங்கள். அண்ணனை எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. தபால்காரர் வருகிற நேரத்தில் ஜன்னலோரம் நின்றுகொள்கிறேன்.

குமாரி

*

காட்டுப்பாக்கம்
8-5-1990

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை குமாரிக்கு,

அண்ணன்தான். ஐந்து மாதம் ஒரு வரி எழுதாத அண்ணன். எல்லோரும் உடம்பு சுகத்தோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை புது நன்மை நடந்தது. கத்திரி வெயில் காய வேண்டிய நாளில் புயல் வந்து உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமையே மழை. கவுனின் கை மட்டும் பெரிசு, தெரசா மடித்துத் தைத்தாள். அம்மா வரவில்லை என்று காலையில்தான் சொன்னேன். அவள் அழவில்லை. "குதிர வண்டிலதான போறோம் மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

காரை எழுப்பினேன் குமாரி. எட்டில் ஐந்து சிலிண்டர்தான் பேசியது. ஆனாலும் அந்தச் சத்தம்! நீ எழுதியது சரி, கால் வழியாகத்தான் ஏறுகிறது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. மழையில் சௌந்தரியை வலது சீட்டில் ஏறச் சொன்னேன், அங்கேதான் கூரை இருக்கிறது. மாட்டேன் என்றாள். "அது அம்மா சீட்டு. நான் ஒக்காந்தா அம்மா வரசொல்லோ எங்க ஒக்காரும்?" என்றாள். ஒரு வருஷம் அதிலேயே கிடந்தவள். எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பின்னால் ஏறிக் குடையைப் பிடித்துக்கொண்டாள். பூந்தமல்லி ரோடு முனையில் இன்ஜின் அணைந்தது. தேவராஜும் தெருப் பையன்களும் தள்ளினார்கள். "குதிர இல்லாத வண்டிக்கு நாங்கதான் குதிர, நீ ஸ்டேரிங்க புடி மாமே" என்றான். கோயில் வாசல் வரை தள்ளினார்கள். இறங்கும்போது வெள்ளைக் கவுன் முழுக்க ஈரம். சாமியார் அப்படியே நன்மை கொடுத்தார்.

நீ கேட்ட வார்த்தைக்கு வருகிறேன். எழுதினால் நீ வந்துவிடுவாய். வந்த பிறகு உனக்கும் பாப்பாவுக்கும் சோறு போட என்னிடம் வேலை இல்லை, ஓடாத ஒரு கார்தான் இருக்கிறது. வராதே என்று எழுதினால் நான் உனக்கு அண்ணனே இல்லை. இரண்டும் பேனாவில் வரவில்லை. ஊரில் எந்த இன்ஜினையும் பிரித்துப் பார்த்துவிடுவேன். இதை எந்தப் பக்கம் தொடுவது என்று எனக்குத் தெரியவில்லை குமாரி. என்னை மன்னித்துவிடு.

சௌந்தரி கீழே தானே எழுதுவாளாம். நான் படிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் எழுதி முடித்ததும் பார்க்காமலே ஒட்டி அனுப்புகிறேன்.

அண்ணன்,
அருள்தாஸ்

அம்மா உன் சீட்டு நனையவே இல்ல. நான் தொட்டுப் பாத்தேன்.
சௌந்தரி